பேசப்படாத சுமையும் தீவகத்து மாணவரும்

நெடுந்தீவிலிருந்தும் நயினாதீவிலிருந்தும் புறப்படும் காலைப் படகுகள் குறிகட்டுவான் இறங்குதுறையை வந்தடையும் வேளையில், அங்கு நிற்போர் பெரும்பாலும் ஒருவரையொருவர் அறிந்தவர்களாகவே இருப்பர். யார் பிரதேச செயலகத்துக்குப் போகிறார், யார் வங்கி அலுவலாக யாழ். நகருக்குப் போகிறார், யாருடைய பிள்ளை வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லப்படுகிறது என்பன யாரும் சொல்லாமலே தெரிந்துவிடும். பேருந்து புங்குடுதீவைக் கடந்து வேலணையை அடைவதற்குள் அச்செய்தி இன்னும் நாலு பேரின் காதை எட்டிவிடும்.

இந்த நெருக்கம் தீவக வாழ்வின் பெருஞ்செல்வம் என்பதை மறுப்பதற்கில்லை. மரண வீட்டிலும் மங்கல வீட்டிலும் அழையாமலே வந்து நிற்கும் கைகள் அந்நெருக்கத்தினால் கிடைத்தவையே. ஆயினும், இரவில் உறக்கமின்றி, பாடத்தில் மனம் பதியாமல், காரணம் தெரியாத அழுகையோடு நாட்களைக் கழிக்கும் ஒரு மாணவி உதவி தேடிப் புறப்பட நினைக்கும்போது, அதே நெருக்கமே அவளது வழியை மறித்து நிற்கிறது. 'அந்தப் பிள்ளைக்கு என்னவாம்?' என்ற ஒரு கேள்விக்கு அஞ்சி அவள் வீட்டிலேயே இருந்துவிடுகிறாள்.

ஆண்டுதோறும் ஒக்டோபர் 10 ஆம் திகதி உலக உளநல நாள் வரும்போது, 'மனந்திறந்து பேசுங்கள்' என்று மாணவருக்கு அறிவுரை கூறுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. நல்ல அறிவுரைதான். ஆனால் எங்கே பேசுவது, யாரிடம் பேசுவது, பேசியது ஊருக்குத் தெரியாமல் காக்கப்படுமா என்ற மூன்று வினாக்களுக்கும் விடை கூறாத அறிவுரை பாதி அறிவுரையே ஆகும். பேசாதிருப்பது மாணவரின் குறையல்ல; பேசுவதற்குப் பாதுகாப்பான இடத்தை நாம் இன்னும் அமைத்துக் கொடுக்கவில்லை என்பதே உண்மையான குறை. இதனையே இன்று நாம் விளக்கமாக நோக்க விரும்புகிறோம்.

இங்கு மாணவர் என நாம் குறிப்பிடுவது க.பொ.த. உயர்தர வகுப்பில் பயில்வோரையும், அதனைக் கடந்து பல்கலைக்கழகங்களிலும் கல்வியியற் கல்லூரிகளிலும் தொழினுட்பக் கல்லூரிகளிலும் பயில்வோரையும் ஆகும். ஏறத்தாழ 16 முதல் 25 வயது வரையான இப்பருவம் உளநலத்தைப் பொறுத்தவரையில் மிக முக்கியமானது. 10 முதல் 19 வயது வரையானோரில் ஏழு பேரில் ஒருவர் ஏதோவோர் உளநலப் பாதிப்புக்கு உள்ளாகின்றார் என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. 2021 ஆம் ஆண்டின் கணக்கின்படி, உலகில் 15 முதல் 29 வயது வரையானோரின் மரணத்துக்கான காரணங்களில் தன்னுயிரை மாய்த்தல் மூன்றாம் இடத்தில் உள்ளது. ஆகவே, இது சிலருடைய வீட்டுப் பிரச்சினை என ஒதுக்கிவிடத்தக்க விடயமன்று.

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வது பயனுடையது. உளநலம் குன்றுதல் என்றதும் நம்மவர் பலருக்கும் 'பைத்தியம்' என்ற ஒரே சொல்தான் நினைவுக்கு வருகிறது. பகிடியாகவேனும் 'அங்கொடைக்கு அனுப்ப வேண்டும்' என்று சொல்லாதோர் நம்மில் அரியர். இந்தப் பார்வைக்கு ஒரு வரலாறு உண்டு. 1873 ஆம் ஆண்டு ஆங்கிலேய ஆட்சியாளர் இயற்றிய சட்டம், உளநோயாளரைச் சமூகத்திலிருந்து பிரித்து அடைத்து வைப்பதையே பிரதான வழியாகக் கொண்டிருந்தது. அச்சட்டத்தின் நிழல் 20 ஆம் நூற்றாண்டு முழுவதும் நம்மேல் விழுந்து கிடந்தது. உளநோய் என்றால் மதிலுக்கு அப்பால் அடைக்கப்படுவது என்ற அச்சம் தலைமுறை தலைமுறையாக நம்மோடு வந்தது.

உண்மையில் உளநலம் என்பது உடல்நலம் போன்றே பல படிகளைக் கொண்டது. பரீட்சை, பணத்தட்டுப்பாடு, வீட்டுப் பிரச்சினை ஆகியவற்றால் எவருக்கும் ஏற்படும் மன அழுத்தம் நெருக்கீடு எனப்படும். அது நோயன்று, காரணம் நீங்கும்போது தணியக்கூடியது. நெஞ்சுப் படபடப்பும் வியர்வையும், ஏதோ நடக்கப்போகிறது என்ற ஓயாத பயமும் அன்றாட வாழ்வைக் குலைக்குமாயின் அது பதகளிப்பு நோயாக இருக்கலாம். இரண்டு கிழமைகளுக்கு மேலாக நாளின் பெரும்பகுதியில் மனம் சோர்ந்திருத்தல், முன்பு விரும்பிய எதிலும் நாட்டமின்மை, உறக்கமும் பசியும் மாறுதல், தான் எதற்கும் உதவாதவர் என்ற எண்ணம் ஆகியன சேர்ந்து காணப்படின் அது மனச்சோர்வு நோய். பிறருக்குக் கேட்காத குரல்கள் கேட்பதும், காரணமற்ற சந்தேகம் முற்றுவதும் உளமாய நோயின் அறிகுறிகள். இவ்வகை நோய்கள் பெரும்பாலும் பதின்பருவத்தின் பிற்பகுதியிலும் இருபதுகளிலுமே தலைகாட்டத் தொடங்குகின்றன என்பதையும், தொடக்கத்திலேயே சிகிச்சை பெறுவோர் தேறும் வாய்ப்பு அதிகம் என்பதையும் பெற்றோர் அறிந்திருத்தல் வேண்டும்.

இனி, தீவகத்தின் மௌனம் எங்கிருந்து வந்தது என்பதை நோக்குவோம். இம்மக்கள் இயல்பிலே வாய்மூடிகள் அல்லர். கடலோடும் காற்றோடும் கத்திப் பேசிப் பழகியவர்கள். பேசினால் ஆபத்து என்பதை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது போர்க்காலமே. 1985 ஆம் ஆண்டு மே மாதம் 15 ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து வந்த 'குமுதினி' படகில் பெண்களும் குழந்தைகளும் உட்பட 20 இற்கும் மேற்பட்டோர் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டனர். 1990 ஆம் ஆண்டு மண்டைதீவு, அல்லைப்பிட்டிப் பகுதிகளில் பிடித்துச் செல்லப்பட்டோர் பலர் திரும்பவேயில்லை. அதனையடுத்த படை நடவடிக்கைகளின்போது தீவகத்தின் பெரும்பகுதி மக்கள் ஊரைவிட்டு இடம்பெயர்ந்தனர். 2006 ஆம் ஆண்டு மே மாதம் அல்லைப்பிட்டியில் வீடுகளுக்குள் வைத்தே 13 பேர் சுட்டுக்கொல்லப்பட்டனர்.

இவற்றை நேரிற் கண்டவர்களும், காணாமற் போனோரின் உறவினரும் இன்று பெற்றோராகவும் பேரன் பேத்தியாகக் குழந்தைகளைக் கொஞ்சும் முதியோராகவும் அதே ஊர்களில் வாழ்கின்றனர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் உளமருத்துவப் பேராசிரியராக விளங்கிய தயா சோமசுந்தரம் அவர்கள், போர் தனிமனிதரை மட்டுமன்றிச் சமூகத்தையே காயப்படுத்துகிறது என்பதைத் தமது ஆய்வுகளில் எடுத்துக்காட்டினார். அக்கூட்டு மனவடுவின் அடையாளங்களாக அவர் குறிப்பிட்டவற்றுள் மௌனமும் ஒருவரை ஒருவர் நம்பாமையும் அடங்கும். எவர் எவருக்குத் தகவல் கொடுப்பார் எனத் தெரியாத காலத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தோரே உயிர் தப்பினர். அன்று உயிரைக் காத்த அந்த வழக்கம், காலம் மாறிய பின்னரும் வீட்டுக்குள் தங்கிவிட்டது. 'வீட்டுக் கதை வெளியே போகக்கூடாது' என்று சொல்லி வளர்க்கப்படும் பிள்ளை, தனது மனக் கதையையும் வெளியே விடுவதில்லை.

இதே பேராசிரியரும் அவரோடு பணியாற்றியவரும் 1995 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வொன்று மற்றுமோர் உண்மையைக் காட்டியது. வடக்கில் போர் உக்கிரமடைந்திருந்த காலத்தில் தன்னுயிரை மாய்ப்போரின் தொகை குறைந்திருந்தது என்பதே அது. இது வியப்பாகத் தோன்றலாம். பொது ஆபத்தின் முன் மக்கள் ஒன்றுசேர்கின்றனர், துன்பம் எல்லோருக்கும் பொதுவாகின்றது, தனிமை குறைகின்றது. ஆனால் குண்டுச் சத்தம் ஓய்ந்து ஒவ்வொருவரும் தத்தம் வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளும்போது, அடக்கி வைத்த வலி தனிமையில் தலைதூக்குகின்றது. 'அந்தக் காலத்தில் நாங்கள் படாத பாடா? உங்களுக்கு இப்போது என்ன குறை?' என்று பிள்ளைகளிடம் கேட்கும் பெரியோர் இதனைச் சற்றுச் சிந்திக்க வேண்டும். அவர்கள் பட்ட பாடு பெரிது. ஆனால் அதைப் பலரோடு சேர்ந்து பட்டார்கள். இன்றைய மாணவர் தமது சிறிய பாட்டையும் தனித்தே படுகிறார்கள்.

அந்தப் பாடு சிறியது என்று கூறுவதும் சரியன்று. நாடு முழுவதிலும் ஆண்டுதோறும் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றுகின்றனர். அரச பல்கலைக்கழகங்களில் இடம் பெறுவோர் அவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர் அல்லது அதனிலும் குறைந்தோர். அனுமதியில் 40 வீதம் நாடளாவிய திறமை அடிப்படையிலும் 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும் 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என ஒதுக்கப்பட்டு வந்துள்ளது. இந்த மாவட்டக் கணக்கில் தீவகம் தனி மாவட்டமன்று, யாழ். மாவட்டத்தின் ஒரு பகுதியே. எனவே, நெடுந்தீவின் மாணவனும் யாழ். நகரின் பெயர்பெற்ற கல்லூரிகளின் மாணவனும் ஒரே வெட்டுப்புள்ளியை எட்டியாக வேண்டும். ஒருவனுக்கு வீட்டு வாசலிலேயே தனியார் கல்வி நிலையங்கள். மற்றவனுக்கு, கடல் கொந்தளித்தால் படகே இல்லை.

கணித, விஞ்ஞானப் பிரிவுகளில் பயில விரும்பும் தீவக மாணவர் பலர் யாழ். நகரில் உறவினர் வீட்டிலோ வாடகை அறையிலோ தங்கிப் படிப்பது நெடுநாளைய வழக்கம். பதினாறு வயதில் வீட்டைப் பிரியும் பிள்ளைக்குச் சமையல், துணி துவைத்தல், பணக்கணக்கு ஆகிய சுமைகளோடு, 'குடும்பத்தின் நம்பிக்கை நீதான்' என்ற சுமையும் சேர்கின்றது. தந்தை கடலுக்குப் போய்ச் சேர்த்த பணம் அது. அல்லது கனடாவிலோ சுவிட்சர்லாந்திலோ இருக்கும் மாமன் அனுப்பிய பணம். தோல்வி என்பது தன்னுடைய தோல்வி மாத்திரமன்று, கொடுத்தவர்கள் அனைவருக்கும் செய்யும் துரோகம் என்று பிள்ளை எண்ணிக்கொள்கிறது. விடுமுறையில் ஊருக்குப் போனாலோ, பூட்டிய வீடுகளும் பற்றை மூடிய வளவுகளுமே வரவேற்கின்றன. கூடப் படித்தோர் பாதிப்பேர் வெளிநாட்டில். மீதிப்பேர் புறப்படக் காத்திருப்போர். கைத்தொலைபேசித் திரையில் அவர்களது சிரித்த முகங்களைப் பார்த்துக்கொண்டே இரவைக் கழிக்கும் மாணவனிடம் 'உனக்கு என்ன குறை?' என்று கேட்பது எவ்வளவு பொருளற்றது!

பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானால் எல்லாம் தீர்ந்துவிடும் என்ற எண்ணமும் தவறானது. ஆங்கில மொழியிலான விரிவுரைகள், அறிமுகமற்ற சூழல், மகாபொல உதவுதொகை கிடைக்குமா என்ற கவலை, எல்லாவற்றுக்கும் மேலாகப் பகிடிவதை ஆகியன முதலாம் ஆண்டு மாணவரை வாட்டுகின்றன. 1997 ஆம் ஆண்டு பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியற்பீடத் தமிழ் மாணவர் ஒருவர் பகிடிவதையால் உயிரிழந்ததை நாடு மறக்கவில்லை. அடுத்த ஆண்டே, 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச்சட்டம் நிறைவேற்றப்பட்டது. சட்டம் வந்து கால் நூற்றாண்டு கடந்த பின்னரும் பகிடிவதை ஒழிந்துவிட்டதாகக் கூறமுடியாது. உடலில் விழும் அடியை வைத்தியர் காண்பார். அவமானத்தால் மனத்தில் விழும் அடியைக் காண்பார் யார்?

இவ்விடத்தில் எமது மாணவப் பருவத்து நிகழ்வொன்றைக் குறிப்பிடுதல் பொருந்தும். கலைப்பீடத்தில் எம்மோடு பயின்ற தீவகத்து நண்பர் ஒருவர் இரண்டாம் ஆண்டில் படிப்படியாக எம்மிடமிருந்து விலகினார். விரிவுரைகளுக்கு வருவது குறைந்தது. தேநீர்க்கடைக்கு அழைத்தால் தலைவலி என்பார். அவருக்குத் தலைக்கனம் என்று எம்மில் சிலர் முடிவுகட்டினோம். ஒருநாள் அவர் அறையைக் காலிசெய்து ஊருக்குப் போய்விட்டார், பட்டம் பெறவேயில்லை. பல ஆண்டுகளின் பின் அவரைச் சந்தித்தபோது, 'அப்போது யாராவது வந்து என்னடா உனக்கு என்று ஒருக்கால் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்' என்றார். அதில் குற்றச்சாட்டு எதுவும் இருக்கவில்லை. ஆனால் அந்தச் சொல் இன்றுவரை எம்மை விட்டு நீங்கவில்லை. கேட்பதற்குப் பட்டமோ பயிற்சியோ எமக்குத் தேவைப்பட்டிருக்கவில்லை; ஒரு மாலைப்பொழுது மட்டுமே தேவைப்பட்டது.

நமது மக்கள் மனத்துயரைச் சொல்வதற்கெனத் தனிமொழி ஒன்றை வைத்திருக்கின்றனர் என்பதையும் இங்கு கவனிக்க வேண்டும். 'எனக்கு மனச்சோர்வு' என்று எவரும் சொல்வதில்லை. 'நெஞ்சு அடைக்குது', 'தலைக்குள்ளே ஏதோ செய்யுது', 'உடம்பெல்லாம் உளைவு', 'கனக்க யோசினை' என்பனவே நாம் கேட்கும் சொற்கள். மனம் சொல்ல முடியாததை உடல் சொல்கின்றது. அடிக்கடி வயிற்றுவலி என்று வகுப்புக்கு வராத மாணவியும், பரீட்சை நெருங்கும்போது மூச்சு முட்டுகிறது என்னும் மாணவனும் பொய் சொல்லவில்லை. இரத்தப் பரிசோதனையில் எதுவும் இல்லை என்று வைத்தியர் கூறியதும், 'பார்த்தாயா, ஒன்றுமில்லை, எல்லாம் நடிப்பு' என்று கடிந்துகொள்வது அப்பிள்ளையின் கடைசி வாயிலையும் அடைப்பதாகும்.

கோவிலுக்கு நேர்த்தி வைத்தல், நூல் கட்டுதல், நாவூறு கழித்தல் ஆகியவற்றை நாம் இழித்துக் கூறவில்லை. நயினை நாகபூசணி அம்மன் சந்நிதியில் கண்ணீர்விட்டு அழுது, மனம் லேசாகித் திரும்பியோர் எண்ணற்றோர். வழிபாடும் விரதமும் கூட்டுப் பிரார்த்தனையும் மனத்துக்கு ஆறுதல் தருவன என்பதை உளமருத்துவரும் ஏற்றுக்கொள்கின்றனர். எனினும், குரல் கேட்கிறது என்னும் பிள்ளையை மாதக்கணக்கில் மந்திரவாதியிடம் மாத்திரம் அழைத்துத் திரிவது, முறிந்த காலோடு நடக்கவிடுவதற்கு ஒப்பானது. கோவிலும் வைத்தியசாலையும் ஒன்றுக்கொன்று பகையல்ல. காலையில் ஒன்றுக்கும் மாலையில் மற்றொன்றுக்கும் போகலாம்.

மருந்தைப் பற்றிய அச்சமும் நீங்க வேண்டும். மனச்சோர்வு நோய்க்கு வைத்தியர் தரும் மருந்துகள் போதைப்பொருட்கள் அல்ல. அவை பலன் தரச் சில கிழமைகள் செல்லும். இடையில் தாமாக நிறுத்துவதே பெருந்தவறு. எல்லோருக்கும் மருந்து வேண்டியதுமில்லை. இலேசான நிலையில் உள்ள பலருக்குப் பயிற்சி பெற்ற உளவளத்துணையாளருடன் சில அமர்வுகள் பேசுவதே போதுமானதாக அமைகின்றது. யாழ். போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளமருத்துவப் பிரிவுகள் இயங்குகின்றன. சாந்திகம் போன்ற நிறுவனங்கள் பல்லாண்டுகளாக உளவளத்துணைப் பணியில் ஈடுபட்டு வந்துள்ளன. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எந்நேரமும் அழைக்கலாம். படகேறாமல், எவர் கண்ணிலும் படாமல் பேசக்கூடிய வழி இது என்பதால், தீவகத்து மாணவர் ஒவ்வொருவரும் இவ்விலக்கத்தை அறிந்திருத்தல் நன்று.

நண்பர்களும் ஆசிரியர்களும் கவனிக்க வேண்டிய அறிகுறிகள் சில உண்டு. கலகலப்பாக இருந்தவர் ஒதுங்குதல், புள்ளிகள் திடீரெனக் குறைதல், மதுவையோ போதைப்பொருளையோ நாடுதல், தன்னைக் காயப்படுத்திக்கொள்ளல், தான் பேணிவந்த பொருட்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுதல், 'நான் இல்லாவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி' என்ற பேச்சு ஆகியன அவற்றுட் சில. இத்தகையவரிடம், உயிரை விடும் எண்ணம் உண்டா என்று நேரடியாகக் கேட்கலாமா என்று பலர் அஞ்சுகின்றனர். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்பது அந்த அச்சம். அது ஆதாரமற்றது என உலக சுகாதார நிறுவனம் தெளிவாகக் கூறியுள்ளது. அன்போடு கேட்கப்படும் அக்கேள்வி, தனித்துச் சுமந்த பாரத்தை இறக்கிவைக்க வழிவிடுகிறது. 'ஆம்' என்ற பதில் வந்தால் அவரைத் தனியே விடாதிருத்தல், வீட்டிலுள்ள கிருமிநாசினிகளையும் மாத்திரைகளையும் எட்டாத இடத்தில் பூட்டி வைத்தல், அன்றே வைத்தியசாலையை நாடுதல் ஆகிய மூன்றும் செய்ய வேண்டியவை. தன்னுயிரை மாய்க்க முயல்வதைக் குற்றமாகக் கொண்ட சட்டப்பிரிவு இலங்கையில் 1998 ஆம் ஆண்டிலேயே நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே, பொலிஸாருக்கு அஞ்சி எவரும் சிகிச்சையைத் தாமதிக்க வேண்டியதில்லை.

இத்துயரம் தடுக்கக்கூடியது என்பதற்கு நமது நாடே உலகுக்கு எடுத்துக்காட்டாக விளங்குகின்றது. 1995 ஆம் ஆண்டளவில் இலங்கையில் ஓர் இலட்சம் பேருக்கு 47 பேர் என்ற அளவில் உயிர்மாய்ப்பு நிகழ்ந்தது. அது அன்று உலகின் மிக உயர்ந்த வீதங்களுள் ஒன்று. கொடிய நச்சுத்தன்மை வாய்ந்த கிருமிநாசினிகள் 1990 களிலும் அதன் பின்னரும் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டன. அடுத்த இருபது ஆண்டுகளில் அவ்வீதம் ஏறத்தாழ 70 வீதம் வீழ்ச்சியடைந்தது. சுமார் 93,000 உயிர்கள் இதனால் காக்கப்பட்டன என ஆய்வாளர் மதிப்பிட்டுள்ளனர். இதிலிருந்து பெறும் பாடம் எளியது. சாக வேண்டும் என்ற எண்ணம் பெரும்பாலும் ஒரு கணத்து அலை. அந்த அலை கடந்து போகும் வரை ஒருவரைக் காத்துக்கொண்டால் அவர் வாழ்கிறார்.

இனித் தன்னைப் பேணுதல் பற்றிச் சில சொற்கள். சுவர் இருந்தால்தான் சித்திரம் வரையலாம் என்பது பழமொழி. ஆனால் பரீட்சைக் காலத்தில் சுவரை இடித்துச் சித்திரம் வரையவே பிள்ளைகளைத் தூண்டுகிறோம். இரவு இரண்டு மணி வரை விழித்திருந்து படிப்பதைப் பெருமையாகப் பேசுகிறோம். உறக்கத்தின்போதே கற்றவை நினைவில் நிலைபெறுகின்றன. உறக்கத்தை விற்றுப் படிப்பை வாங்குவது நட்ட வியாபாரம். வேளைக்கு உணவு, நாளொன்றுக்கு அரைமணி நேரமாவது நடை அல்லது விளையாட்டு, படுக்கைக்குக் கைத்தொலைபேசியைக் கொண்டு செல்லாமை, கிழமையில் ஒரு மாலையேனும் நண்பருடன் கழித்தல் ஆகியவற்றுக்குப் பணம் வேண்டியதில்லை. தீவகத்துப் பிள்ளைகளுக்குக் கடற்கரை வாசற்படியில் இருக்கிறது. மாலையில் கரப்பந்தாட்டத் திடலுக்குப் போகும் பிள்ளையை 'படிப்பு என்னாவது?' என்று மறிக்கும் பெற்றோர், அந்த ஒரு மணித்தியாலம் படிப்புக்கு உரமாகிறது என்பதை உணர வேண்டும்.

பெண்பிள்ளைகளுக்கு இந்த ஒரு மணித்தியாலமும் மறுக்கப்படுகின்றது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. 2015 ஆம் ஆண்டு புங்குடுதீவில் பாடசாலை சென்ற மாணவி ஒருத்திக்கு நேர்ந்த கொடுமையின் பின்னர், பெற்றோர் கொண்ட அச்சம் நியாயமானது. ஆனால் அந்த அச்சத்தின் விலையைப் பெண்பிள்ளைகளே செலுத்துகின்றனர். பாடசாலையும் வீடும் என்று சுருங்கிப்போன வாழ்வில் தோழியோடு நாலு வார்த்தை பேசவும் இடமில்லையாயின் மனம் எங்ஙனம் மலரும்? பாதுகாப்பான வீதியும், தெருவிளக்கும், நேரத்துக்கு வரும் பேருந்தும் உளநலத்துக்கும் உரிய தேவைகளே ஆகும்.

அதேவேளை, தன்னைப் பேணுதல் என்ற பெயரால் முழுப்பொறுப்பையும் மாணவரின் தலையில் சுமத்திவிடவும் கூடாது. மூச்சுப்பயிற்சி செய், நேர்மறையாக நினை என்று கூறிவிட்டுச் சமூகம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. சம்பந்தப்பட்டோர் செய்யக்கூடிய சில காரியங்களை நாம் இங்கு முன்வைக்கின்றோம்.

முதலாவது, இரகசியம் காத்தல். பாடசாலைகளில் வழிகாட்டலுக்கும் ஆலோசனைக்கும் பொறுப்பான ஆசிரியர்கள் உள்ளனர். ஆனால் காலையில் தன்னிடம் சொல்லப்பட்டதை மதியம் ஆசிரியர் ஓய்வறையில் பகிர்ந்துகொள்ளும் ஒருவரிடம் எந்த மாணவரும் இரண்டாம் முறை போகமாட்டார். உயிருக்கு ஆபத்து என்ற நிலை தவிர, கேட்டதை வேறெவருக்கும் கூறுவதில்லை என்ற உறுதி மாணவருக்கு முன்கூட்டியே அளிக்கப்பட வேண்டும்; அது காக்கப்படவும் வேண்டும்.

இரண்டாவது, பெயர்ப்பலகை. ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலையிலோ நெடுந்தீவு பிரதேச வைத்தியசாலையிலோ உளநலச் சேவை வழங்கப்படும்போது, அது பொது வெளிநோயாளர் பிரிவுடன் இணைந்தே நடைபெறுவது விரும்பத்தக்கது. காய்ச்சலுக்கு வந்தவரும் கவலைக்கு வந்தவரும் ஒரே வாங்கில் அமர்ந்திருந்தால் யாரும் யாரையும் சுட்டிக்காட்ட முடியாது. தொலைபேசி வழியான தொடர் ஆலோசனையும் இதற்குப் பெரிதும் உதவும்.

மூன்றாவது, காலம். பரீட்சைக்கு முந்திய மாதமும், பெறுபேறு வெளியாகும் கிழமையும், பல்கலைக்கழகத்தின் முதலாம் அரையாண்டும் மாணவர் மிகவும் தளர்ந்துபோகும் காலங்கள். தீவகக் கல்வி வலயமும் பல்கலைக்கழக நிர்வாகங்களும் இக்காலங்களை முன்னறிந்து, பெறுபேறு வெளியாகும் நாளன்றே மாற்றுவழிகளை விளக்கும் ஆசிரியர்களைப் பாடசாலையில் இருக்கச் செய்யலாம். மூன்று தடவைகள் பரீட்சை எழுதலாம் என்பதும், தொழினுட்பக் கல்வி, திறந்த பல்கலைக்கழகம், வெளிவாரிப் பட்டம் எனப் பல கதவுகள் உண்டு என்பதும் அன்று கூறப்பட வேண்டும். ஆறுமாதம் கழித்து அல்ல.

நான்காவது, பெரியோரின் பேச்சு. தமது துயரத்தைப் பிள்ளைகளிடம் ஒருபோதும் கூறாத பெற்றோர், பிள்ளைகள் மட்டும் மனந்திறக்க வேண்டும் என எதிர்பார்க்க முடியாது. 'உன் வயதில் நானும் பயந்தேன், அழுதேன்' என்று ஒரு தந்தை சொல்வாராயின், நூறு கருத்தரங்குகள் செய்யாததை அந்த ஒரு வாக்கியம் செய்யும். சனசமூக நிலையங்களும் விளையாட்டுக் கழகங்களும் மாதர் சங்கங்களும் இத்தகைய பேச்சுக்கு இடமளிக்கலாம். புலம்பெயர்ந்த உறவுகளுக்கும் ஒரு வார்த்தை. ஊருக்கு அழைக்கும்போது 'எத்தனை புள்ளி?' என்பதற்கு முன் 'எப்படியடா இருக்கிறாய்?' என்று கேளுங்கள். கேட்டபின் பதிலுக்குச் சற்றுக் காத்திருங்கள்.

கடலில் புயல் மூண்டால் படகை நிறுத்துகிறோம். எவரும் படகோட்டியைக் கோழை என்று ஏசுவதில்லை. மனத்தில் புயல் மூண்ட மாணவர் ஒருவர் சற்று நின்று உதவி கேட்டால் மாத்திரம் ஏன் நாம் முகம் சுளிக்க வேண்டும்? பேசினால் ஆபத்து என்று கற்ற தலைமுறை, பேசாவிட்டால் ஆபத்து என்பதை அடுத்த தலைமுறைக்குக் கற்றுக்கொடுக்க வேண்டிய காலம் இது. அதற்குப் பெரிய கட்டடமோ பெருந்தொகைப் பணமோ முதற்தேவையன்று. கேட்டதைக் காக்கத் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு பாடசாலையிலும் ஒவ்வொரு விடுதியிலும் இருந்தால் போதும். அத்தகைய ஒருவர் தமது பொறுப்பிலுள்ள இடத்தில் இருக்கிறாரா என்பதை அதிபர்களும் விடுதிப் பொறுப்பாளர்களும் இன்றே எண்ணிப்பார்ப்பார்களாக.